திருகோணமலையில் ஓய்வுபெற்ற படை அதிகாரிகளின் மாத மதிய உணவு: பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்

என் மாமனார் கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவரைப் போன்ற சிலரும் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிடுகிற வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் பார்வை மங்கியதும், “பிள்ளை, உனக்குக் கணக்கு வழக்குத் தெரியும்தானே” என்று கொப்பி என் கைக்கு வந்துவிட்டது. கொப்பியில் பெயர்கள் இருந்தன, தொலைபேசி எண்கள் இருந்தன. எண்களில் பாதி வேலை செய்யவில்லை. எப்படி நடத்துவது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டும் அலைந்தும் ஏச்சு வாங்கியும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஓய்வூதியர் சங்கம், பழைய மாணவர் சங்கம் நடத்துகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்ற எண்ணைக் காசு வாங்கி உறுதி செய்துகொள்ளுங்கள். இடம், சமையல், வாகனம் எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகின்றன. வாய்ச்சொல்லை நம்பி ஓடர் கொடுத்தால் மிச்சச் சோற்றுக்கு நீங்கள்தான் காசு கட்டவேண்டி வரும்.

1. மேசையில் யார் யார் என்று முதலில் முடிவெடுங்கள்

பெயர் “அதிகாரிகள் ஒன்றுகூடல்” என்று இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதிகாரிகளாக இருக்கமாட்டார்கள். கணவர் இறந்த பிறகும் தொடர்ந்து வருகிற மனைவிமார் இருப்பார்கள். தொண்டர் படையில் இருந்தவர்கள், பாடசாலையில் மாணவர் படையணியின் அதிகாரியாகப் பட்டி கட்டிய ஆசிரியர்கள், தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து தானும் சாப்பிட்டுவிட்டுப் போகிற மகன்கள் என்று பட்டியல் நீளும். யார் உறுப்பினர், யார் விருந்தாளி, விருந்தாளிக்கு என்ன கட்டணம் என்பதை ஒரு தாளில் எழுதி மூத்தவர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் வாசலில் நின்று நியாயம் பேசவேண்டி வரும். விதவைகளிடம் உறுப்பினர் கட்டணத்தையே வாங்குங்கள். விருந்தாளிக் கணக்கில் போட்டால் அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

புதிதாக ஒருவர் சேர வந்தால் இவை போதும்:

ஓய்வூதியக் கடிதம் அல்லது சேவையிலிருந்து விலகிய சான்றிதழின் பிரதி. தேசிய அடையாள அட்டை இலக்கம். வீட்டு முகவரி. அவருடைய எண்ணோடு சேர்த்து, ஏதும் நடந்தால் கூப்பிடக்கூடிய இன்னொருவரின் எண். சீனி வருத்தம், ஒவ்வாமை, மரக்கறி மட்டும் போன்ற சாப்பாட்டு விபரம்.

அசல் பத்திரங்களை வாங்கி வைக்காதீர்கள். வயதானவர்கள் நம்பித் தந்துவிடுவார்கள். தொலைந்தால் மறுபடி எடுக்கக் கொழும்புவரை அலைய நேரும். அடையாள அட்டையைப் படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கத்தையும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். உங்களுக்குத் தனியாக அனுப்பினால் போதும்.

பதவிப் பெயர்களில் கவனம் தேவை. கடற்படைக் கப்டன் தரைப்படைக் கேணலுக்குச் சமம். தரைப்படைக் கப்டனோ கடற்படையில் லெப்டினனுக்குத்தான் சமம். விமானப்படையின் குரூப் கப்டனும் கேணல் நிலைதான். இது தெரியாமல் “கப்டன்” என்று இருப்பவர்களையெல்லாம் ஒரே மேசையில் போட்டு, அதற்கு மேல் மேஜரை உட்காரவைத்தால் சாப்பாடு முடியும்வரை முகம் கோணியிருக்கும். பதவி வரிசையில் இருக்கை போடவே வேண்டாம் என்பது என் கருத்து. பெயர் அட்டையில் பதவியைச் சரியாக எழுதுங்கள், பக்கத்தில் “ஓய்வு” என்று போடுங்கள். உட்காருவதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். காது கேட்காதவர்களை மட்டும் மின்விசிறிச் சத்தத்திலிருந்து தள்ளி இருத்துங்கள்.

2. சங்கமாகப் பதிவு செய்யவேண்டுமா?

மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிட்டுக் கலைவது மட்டும் என்றால் தேவையில்லை. சாப்பாட்டுக்கு எதற்குச் சங்க விதிகளும் யாப்பும்? சந்தா சேர்க்கிறீர்கள், மரண உதவி கொடுக்கிறீர்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் நன்கொடை அனுப்புகிறார்கள் என்றால் கதை வேறு. அந்தக் காசு ஒருவருடைய சொந்தக் கணக்கில் கிடக்கக் கூடாது. அவர் இறந்துவிட்டால் அது அவருடைய வாரிசுகளின் காசாகிவிடும், திருப்பி எடுக்க நாய்படாத பாடு படவேண்டும்.

திருகோணமலை நகரில் இருக்கிறவர்கள் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் விசாரிக்கவேண்டும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்றால் அந்தந்தப் பிரதேச செயலகம். சங்கத்தின் முகவரி எந்தப் பிரிவில் இருக்கிறதோ அந்த அலுவலகம்தான் கணக்கு, தலைவர் எங்கே குடியிருக்கிறார் என்பது கணக்கில்லை. கொண்டுபோகவேண்டியவை: யாப்பு, நிர்வாகிகளைத் தெரிவு செய்த கூட்டத்தின் அறிக்கை, நிர்வாகிகளின் பெயர் முகவரி அடையாள அட்டை இலக்கம், உறுப்பினர் பட்டியல், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு. எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், கையளித்ததற்கு ஒரு பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

வங்கிக்குப் போகும்போது பதிவுக் கடிதத்தோடு இன்னொன்று கேட்பார்கள்: கணக்குத் திறக்கவும் இன்னார் கையெழுத்திடவும் தீர்மானித்ததாகக் கூட்ட அறிக்கையில் ஒரு வரி. பெரும்பாலானவர்கள் திரும்பி வருவது இந்த ஒரு வரி இல்லாமல்தான். கையெழுத்துக்கு மூன்று பேரைப் போட்டு, அதில் எந்த இருவர் என்றாலும் சரி என்று எழுதுங்கள். மூவரில் ஒருவராவது 60 வயதுக்குக் குறைந்தவராக இருக்கட்டும். கை நடுங்கி ஒப்பம் மாறிவிட்டது என்று காசோலை திரும்பி வருவது இந்த வயதுக்காரர்களிடம் சாதாரணம்.

இதற்கெல்லாம் கிழமைக் கணக்கில் போகும். அதுவரை சாப்பாட்டை நிறுத்தி வைக்கவேண்டியதில்லை.

3. நாள் குறிப்பது

ஓய்வூதியம் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதி வாக்கில்தான் கைக்கு வரும். அதற்கு முன்னால் நாள் வைத்தால் “இந்த முறை வசதிப்படாது” என்ற பதில்கள் கூடும். இரண்டாம் கிழமை என்று வைத்தாலும் சில மாதங்களில் அது 8ஆம் 9ஆம் திகதியில் வந்து விழுந்துவிடும். மூன்றாவது கிழமையில் வைத்தால் எப்போதும் 15க்கும் 21க்கும் இடையில்தான் வரும். கையில் காசும் இருக்கும்.

அந்தக் கிழமையில் எந்த நாள்? வெள்ளிக்கிழமை சைவர்களுக்கு மரக்கறி, முஸ்லிம்களுக்கு ஜும்ஆ. செவ்வாயிலும் விரதக்காரர் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு என்றால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள் வெளியூர்க்காரரால் நிரம்பி வழியும். மே முதல் செப்டெம்பர் வரை கேட்கவே வேண்டாம், விலையும் ஏறியிருக்கும். ஓய்வுபெற்றவர்களுக்கு ஏன் வார இறுதி? எங்களுடைய நாள் மூன்றாவது புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், மண்டபக்காரரிடம் புதன் எப்போதும் கிடைக்கிறது. ஒரேயொரு இடைஞ்சல், கூட்டிக்கொண்டு வரவேண்டிய பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். அதற்கு வாகன ஏற்பாடு செய்யவேண்டும், கீழே சொல்கிறேன்.

நாளை உறுதி செய்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள். போயா தினமா? அன்று மதுச்சாலைகளும் இறைச்சிக் கடைகளும் பூட்டு. நோன்பு மாதமா? அந்த மாதம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாலையில் இப்தாராக வைத்தால் எல்லாரும் வரலாம். கந்தசஷ்டியா, கேதார கௌரி விரதமா? மரக்கறிக்கு மாற்றுங்கள். பெரியாஸ்பத்திரியில் உங்கள் ஆட்களுக்குக் கிளினிக் எந்த நாள் என்றும் கேளுங்கள். சீனி, பிரஷர் கிளினிக் நாளில் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வரிசையில் இருப்பார்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. திறந்த வெளியில் பந்தல், கடற்கரை மேசை எல்லாம் இந்த மாதங்களில் நினைக்கக்கூடாது. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது தகரக் கூரை மண்டபத்துக்குள் மத்தியானம் உட்கார முடியாது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11ஐ ஒட்டி நிலாவெளி வீதியிலுள்ள போர் வீரர் மயானத்துக்குப் போக விரும்புகிற மூத்தவர்கள் இருந்தால் அந்த மாதம் மட்டும் நாளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், இரண்டுக்கும் ஒரே வாகனம் போதும்.

4. இடம் பிடிப்பது

மூன்று வழி இருக்கிறது. ஹோட்டல், மண்டபத்தை எடுத்து வெளியிலிருந்து சமையல், அல்லது படை முகாமின் உணவகம்.

ஹோட்டல் சுலபம், ஆனால் விலைப் பட்டியலைப் பார்த்து ஏமாறவேண்டாம். தலைக்கு 2,500 “பிளஸ் பிளஸ்” என்று சொன்னால் அதன் மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 18 வீதம் வற் வரி. 2,500 முதலில் 2,750 ஆகும், பிறகு 3,245 ஆகும். 25 பேருக்கு 18,625 ரூபாய் வித்தியாசம். எப்போதும் “எல்லாம் சேர்த்துக் கடைசியாக எவ்வளவு?” என்றுதான் கேளுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர்ப் போத்தல் அதற்குள் அடக்கமா என்றும் கேளுங்கள். ஓர் இடத்தில் சாப்பாட்டு விலையைக் குறைத்துப் பேசிவிட்டுக் கடைசிப் பில்லில் தண்ணீர், ஐஸ், கூடுதல் மேசைவிரிப்பு என்று தனித்தனியாகப் போட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, பேசிப் பயனும் இல்லை.

அதோடு “உத்தரவாத எண்ணிக்கை” என்று ஒன்று கேட்பார்கள். நீங்கள் 30 என்று சொல்லி 22 பேர் வந்தாலும் 30 பேருக்குக் காசு. கூடினால் பெரும்பாலும் சமாளிப்பார்கள், குறைந்தால் விடமாட்டார்கள். அதனால் கையில் காசு வந்த எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

மண்டபம் மலிவு, வேலை கூட. பார்க்கப் போகும்போது கையில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: படி ஏறவேண்டுமா, ஏறினால் கைபிடி இருக்கிறதா, கொமட் உள்ள கழிப்பறை இருக்கிறதா, அதன் தரை ஈரத்தில் வழுக்குமா, கதிரைக்குக் கைபிடி உண்டா, மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் யார் பொறுப்பு, வாகனம் வாசல்வரை வருமா. குந்தும் கழிப்பறை மட்டும் இருக்கிற மண்டபத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். முழங்கால் மாற்றியவர்கள் அதை வெளியே சொல்லமாட்டார்கள், பேசாமல் நேரத்தோடு எழும்பிப் போய்விடுவார்கள்.

கோட்டைப் பக்கமோ மைதானத்தைச் சுற்றியோ இடம் எடுத்தால் இன்னொன்று. சாப்பாட்டு வாகனத்தின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். நம்மூர் மான்களுக்குக் கூச்சம் கிடையாது. வாழையிலைக் கட்டில் தொடங்கிக் கீரையில் முடிப்பார்கள்.

முகாம் உணவகம் என்பது, இன்னும் சேவையிலிருக்கும் ஓர் அதிகாரி முன்நின்றால்தான் நடக்கும். கட்டளை அதிகாரிக்குத் தலைவர் பெயரில் கடிதம், வருகிற ஒவ்வொருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், சாரதியின் பெயர், அவருடைய இலக்கம் எல்லாம் முன்கூட்டியே போகவேண்டும். கடைசி நேரத்தில் வாகனம் மாறினால் வாசலில் நிற்கவேண்டியதுதான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு விடுமுறையில் வந்திருக்கும் மகனையோ மருமகளையோ கூட்டிவருவதாக இருந்தால் இன்னும் முன்னதாகவே பெயர் கொடுங்கள், அனுமதி வராவிட்டால் கூட்டிப் போகவேண்டாம். சப்பாத்து, நீளக் காற்சட்டை எதிர்பார்ப்பார்கள். வேட்டி கட்டி வருகிறவர் இருந்தால் முதலே கேட்டுச் சொல்லுங்கள். படம் எடுக்கலாமா என்பதையும் அப்படியே. பில் யாருடைய கணக்கில் எழுதப்படும் என்று முதல் நாளே தெரிந்துகொண்டு, அன்றைக்கே அவர் கையில் காசைக் கொடுத்துவிடுங்கள்.

விலை குறைவு, உபசரிப்பு நன்றாக இருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஊரில் முகாம் வாசலில் நிற்க மனம் வராத குடும்பங்கள் இருக்கின்றன, அதிகாரியாக இருந்தவரின் வீட்டிலேயே இருக்கின்றன. “ஏன் வரவில்லை” என்று துருவாதீர்கள். வருடத்தில் ஓரிரு முறை மட்டும் முகாமில் வைத்துக்கொண்டு மற்ற மாதங்களில் ஊருக்குள் வைப்பது எல்லாருக்கும் தோதுப்படும்.

5. காசு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். 25 பேர். சமையல் தலைக்கு 1,400, மொத்தம் 35,000. மண்டபம் 8,000. பரிமாற இரண்டு பேர், 5,000. தண்ணீர், ஐஸ், கைதுடைப்பான், வாழையிலை, சில்லறை 3,000. ஆக 51,000. தலைக்கு 2,040 வருகிறது. சரி, 2,040 வாங்கலாம் என்று நினைப்பீர்கள். அன்றைக்கு 20 பேர்தான் வருகிறார்கள், காசு வாசலில் வாங்குகிறீர்கள். 40,800 சேரும். செலவு 51,000 அப்படியே நிற்கும். 10,200 ரூபாய் யாருடைய தலையில்?

எனவே காசு முன்னுக்கு. ஆனால் 80 வயதுக்காரரை ஒன்லைனில் காசு போடச் சொல்லவும் முடியாது, வீடு வீடாகப் போய் வாங்கவும் முடியாது. நடைமுறையில் ஒத்துவந்தது ஒன்றுதான்: இந்த மாதச் சாப்பாட்டு மேசையிலேயே அடுத்த மாதக் காசை வாங்கிவிடுவது. எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், ஓய்வூதியம் வந்து சில நாள்தான் ஆகியிருக்கிறது, வயிறும் நிறைந்திருக்கிறது. தயிர் வைக்கிற நேரத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு சுற்றி வாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டால் “பிறகு பார்ப்போம்” என்பார்கள், கைகழுவிய பிறகு போனால் ஆள் வாகனத்தில் ஏறியிருப்பார்.

கட்டணத்தை 2,040 என்று வைக்காமல் 2,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 160 ரூபாய்கள் சேர்ந்து மீன் விலை ஏறுகிற மாதத்தையும், கடைசி நேரத்தில் வந்து சேருகிற விருந்தாளியையும் தாங்கும். வருட முடிவில் மிஞ்சினால் டிசம்பர் சாப்பாட்டைக் குறைந்த கட்டணத்தில் கொடுங்கள். மிச்சத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்ற பேச்சு வரக்கூடாது.

திருப்பிக் கொடுக்கும் விதி இப்படி இருக்கட்டும்: ஐந்து நாளுக்கு முன்னால் வரமுடியாது என்று அறிவித்தால் காசு அடுத்த மாதத்துக்கு மாறும். அதற்குப் பிறகு அறிவித்தால் இல்லை. ஆஸ்பத்திரி, மரண வீடு இரண்டுக்கும் விதிவிலக்கு, கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். வேறு எந்தக் காரணத்துக்கும் இளகாதீர்கள். ஒருவருக்கு இளகினால் அடுத்த மாதம் ஆறு பேர் வருவார்கள், ஆறு பேரும் உங்கள் மாமனாரின் சினேகிதர்களாக இருப்பார்கள்.

கட்ட வசதியில்லாதவர்கள் இருப்பார்கள், அதிலும் குறைந்த ஓய்வூதியத்தில் இருக்கிற விதவைகள். யாராவது ஒரு பிள்ளை வெளிநாட்டிலிருந்து இரண்டு மூன்று இருக்கைக்குக் காசு அனுப்பினால் அதை இவர்களுக்கு ஒதுக்குங்கள். பற்றுச்சீட்டை எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். யாருடைய காசில் யார் சாப்பிட்டார் என்பது உங்கள் கொப்பியோடு நிற்கட்டும்.

மதுவைப் பொதுக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். குடிக்கிறவர்கள் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். போத்தலைக் கொண்டுபோனால் ஹோட்டல் திறப்புக் கட்டணம் கேட்கும், எவ்வளவு என்று முதலே கேளுங்கள். சில மண்டபங்களில் உள்ளே கொண்டுபோகவே விடமாட்டார்கள். முஸ்லிம் உறுப்பினர்கள் இருக்கும் மேசையிலிருந்து தள்ளி வைப்பது மரியாதை.

6. சாப்பாடு

மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வேண்டாம், எந்த நேரத்திலும். கோழியை ஹலால் கடையில் வாங்கச் சொல்லுங்கள், சமையற்காரர் யாராக இருந்தாலும். அப்போது ஒரே சட்டி எல்லாருக்கும் போதும். ஆட்டிறைச்சி போட்டால் தலைக்குக் கட்டணம் ஏறும், பல்லுக்கும் கஷ்டம்.

மரக்கறிச் சாப்பாட்டைத் தனி மேசையில் வையுங்கள், அகப்பையும் தனி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மீன் குழம்பு அகப்பை பருப்புக்குள் போவது நிச்சயம். தீவிர மரக்கறிக்காரர் ஒருவர் அதைக் கண்டால் அன்றைக்குச் சாப்பிடாமலே இருப்பார்.

மீன் நம்மூரில் பஞ்சமில்லை என்றாலும் விலை ஒரே மாதிரி நிற்காது. நிலவுக் காலத்தில் மீன்பாடு குறையும், மாரிக் கடல் கொந்தளித்தால் படகே போகாது. சமையற்காரரிடம் “பாரை மீன்” என்று பெயர் சொல்லிப் பேசாமல், “அன்றைக்குக் கிடைக்கிற நல்ல மீன், முள் குறைந்தது” என்று பேசுங்கள். துண்டு பெரிதாக இருக்கட்டும். சின்ன முள் நிறைந்த மீன் வயதானவர்களுக்கு ஆபத்து. காலையில் வாங்கியதா, ஐஸில் வைத்ததா என்று நேரே போய்ப் பாருங்கள். கணவாயும் நண்டும் விருந்தாளிக்கு மகிழ்ச்சி, மூத்தவர்களுக்கு அவஸ்தை. இறாலில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அதைத் தனிச் சட்டியில் வைக்கச் சொல்லுங்கள், சம்பலில் கலக்கவேண்டாம்.

புரியாணி கேட்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், சத்தமும் அவர்களுடையதுதான் பெரிது. வருடத்தில் ஒருமுறை போடுங்கள். மற்ற மாதங்களுக்குச் சிவப்பரிசிச் சோறும் கொஞ்சம் வெள்ளைச் சோறும், பருப்பு, ஒரு பால்கறி, ஒரு கீரை அல்லது வல்லாரைச் சம்பல், மீன் குழம்பு, உறைப்புக் குறைத்த கோழிக்கறி, அப்பளம், சொதி. உப்பைக் குறைத்துப் போடச் சொல்லி மேசையில் உப்பு வையுங்கள். பழத்தோடு, கிண்ணியா, தம்பலகாமப் பக்கத்து எருமைத் தயிர் வையுங்கள். பாணியைத் தனியாக வைத்தால் சீனிக்காரர் தப்புவார். தப்பாமல் எடுத்து ஊற்றிக்கொள்கிறவரை நீங்கள் தடுக்கவேண்டாம், அவருடைய மனைவி தடுப்பார்.

சமையற்காரரைப் புதிதாகப் பிடித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முற்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். எத்தனை மணிக்குச் சட்டி மண்டபத்துக்கு வரவேண்டும் என்பதை ஓடரிலேயே எழுதுங்கள். மிஞ்சுகிற சோற்றைப் பார்சல் கட்டிக் கொடுக்கிற பழக்கத்தில் எனக்குப் பயம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இறக்கிய மீன்கறியை இந்த வெயிலில் வாகனத்தில் கொண்டுபோய் இரவு சாப்பிட்டால் மறுநாள் உங்களுக்குத்தான் அழைப்பு வரும். சோறு, பருப்பு, அப்பளம் கொடுக்கலாம். மீனும் தேங்காய்ப்பால் கறியும் வேண்டாம்.

7. அழைப்பு

வட்ஸ்அப்பில் போட்டால் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். பார்த்ததற்கு நீலக் கோடு விழும், பார்த்தது பேரப்பிள்ளையாக இருக்கும். பத்து நாளுக்கு முன்னால் ஒரு செய்தி, ஐந்து நாளுக்கு முன்னால் தொலைபேசியில் குரல், முதல் நாள் மாலை வாகனம் எத்தனை மணிக்கு என்று இன்னொரு குரல். செய்தி தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், மூன்றும் நாலு வரிக்குள். நாள், நேரம், இடம், சாப்பாடு வைக்கும் நேரம். வேறொன்றும் எழுதவேண்டாம்.

மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து நான்கைந்து பேர் வருவதாக இருந்தால் ஒரு வானைப் பேசிப் பங்கிட்டுக்கொள்வது ஓட்டோவைவிட மலிவு, முதுகுக்கும் நல்லது. வான்காரருக்கும் ஒரு சாப்பாடு கணக்கில் சேருங்கள். அதை மறந்தால் அன்றைக்கு ஒரு சாப்பாடு குறையும்.

8. அன்றைக்கு

அழைப்பில் 11.30 என்று போடுங்கள். 12.30க்குச் சோறு மேசையில் இருக்கவேண்டும், பிரதம விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும். இன்சுலின் போட்டுவிட்டு வருகிறவர்களும் சாப்பாட்டுக்கு முன் குளிசை எடுத்தவர்களும் பேச்சு முடியும்வரை காத்திருக்க முடியாது. ஒரு தட்டில் பிஸ்கற்றும் இனிப்பும் வாசலிலேயே இருக்கட்டும், தலைசுற்றுகிறது என்றால் உடனே கொடுக்க. அவசர அம்புலன்ஸ் 1990 என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பேச்சு இருந்தால் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், பின்னால் ஒன்றுமே வேண்டாம். அந்த மாதம் இறந்தவருக்கு எழுந்து நின்று மௌனம் காத்தால் போதும், எழும்ப முடியாதவர் இருந்தபடியே இருக்கட்டும். சண்டைக் கதை மேசைக்கு வரக்கூடாது என்று மூத்தவர்கள் தாங்களே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பரிமாறுகிற பிள்ளைகளும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான், யார் வீட்டில் யாரை இழந்தார்கள் என்று முகத்தில் எழுதியிருக்காது. புதிதாக வருகிற ஒருவர் அந்தக் கதையைத் தொடங்கினால் தலைவரிடம் கண்காட்டுங்கள், நீங்கள் குறுக்கே போகவேண்டாம். கப்பல் சமையலறைக் கதை, கொழும்பு மெயில் ரயிலில் தூங்கி மாகோ சந்தியைத் தவறவிட்ட கதை என்று அவர்களிடம் வேறு கதைகள் நிறைய இருக்கின்றன.

ஓய்வூதிய விஷயமாகச் சந்தேகம் உள்ளவர்கள் உங்களைத்தான் பிடிப்பார்கள். வருடத் தொடக்கத்தில் உயிர்வாழ்ச் சான்றிதழ் விஷயத்தை எல்லாருக்கும் ஞாபகப்படுத்துவது நல்லது, அதற்கு மேல் நீங்கள் பொறுப்பெடுக்காதீர்கள். பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.

9. கணக்கை மூடுவது

அன்று மாலைக்குள் பில்லைக் கட்டி, மூலப் பற்றுச்சீட்டை வாங்கி, கொப்பியில் ஒட்டுங்கள். வரவு, செலவு, மிச்சம் என்று மூன்று வரியைப் படம்பிடித்துக் குழுவில் போடுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், கேட்காமலே போடுங்கள். காசு கட்டிவிட்டு வராதவர்களுக்கு மறுநாள் ஓர் அழைப்பு எடுங்கள். காசைப் பற்றிப் பேசவேண்டாம், சுகமா என்று கேளுங்கள். தனியாக இருக்கிற ஒருவர் கட்டிலால் விழுந்து கிடந்தது இப்படி ஓர் அழைப்பில்தான் தெரியவந்தது.

உறுப்பினர் ஒருவர் சாப்பாட்டுக்கு முந்தின நாளோ அன்றைக்கோ இறந்துபோவதும் நடக்கும், வயது அப்படி. தள்ளிவைப்பதா என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், தலைவரைக் கேளுங்கள். தள்ளிவைத்தால் மண்டபக்காரரும் சமையற்காரரும் முற்பணத்தை வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று ஓடர் கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கியிருக்கவேண்டும். ஊர்ச் சமையற்காரர் பெரும்பாலும் மாற்றித் தருவார், சட்டியை மரண வீட்டுக்கே அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹோட்டல் மாற்றாது.